எங்கிருந்து எண்ணுவது

1963 ஜூன் 3, திங்கள்

மலாக்கா டெலிபோன் ஆபீசில் காலை வேலை. ஹெட்ஃபோன் கம்பி மறுபடி தலையைக் கடிக்கிறது. பஞ்சு வைத்தேன். சூப்பர்வைசர் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அவர் சாப்பிடப் போனதும் மறுபடி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். முகமெல்லாம் பல். "சுந்தரி, ஒரு ஜாதகம் வந்திருக்கு. பத்து பெரெண்டாம் ஊருப் பையன். ஏழுல செவ்வாய்!" பையனுக்கு அரசாங்க வேலை என்று யாராவது சந்தோஷப்படுவார்கள். என் அம்மா, பையனுக்கு ஏழில் செவ்வாய் என்று சந்தோஷப்படுகிறாள். எனக்கு எட்டில். ஏழுக்கும் எட்டுக்கும் சரியாய்ப் போயிற்று என்று தெங்கேரா சுப்பையன் ஜோசியர் சொல்லிவிட்டாராம்.

ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றுக்கும் மேஷம், ரிஷபம் என்று அழகாய்ப் பெயர் இருக்கிறது. ஆனால் பெண் கேட்டு வருகிறவர்கள் வாயில் ஒரு பெயரும் வராது. "ரெண்டுல யாரு? ஏழு சுத்தமா? ஓ, எட்டுல செவ்வாயா... சரிங்க, சொல்லி அனுப்புறோம்." செமாபோக் வாத்தியார் வீடு அப்படித்தான் சொன்னது. மூவார் துணிக்கடையும் அப்படித்தான். தெங்கேராவில் ஒரு வீட்டில் காப்பியைக்கூட முழுதாய்க் குடிக்கவில்லை. எட்டில் செவ்வாய் உள்ளவள் வந்தால் புருஷன் போய்விடுவானாம். காப்பியால் என்ன போய்விடும்?

அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "பையன் நல்லவனான்னு எந்தக் கட்டத்துல போட்டிருக்கு?" அப்பா தண்ணீர் இலாகா லாரி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் அவர் பேச்சு எடுபடாது.

ஜூன் 9, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. சிரிப்பிலா பயத்திலா, தெரியவில்லை.

வந்தார்கள். பையன், அவர் அம்மா, ஒரு மாமா. பெயர் தியாகு. நான் தட்டை நீட்டினேன். குனிந்தே இருந்தேன், அம்மா அப்படித்தான் இருக்கச் சொல்லியிருந்தாள். அவர், "கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" என்றார்.

எனக்குத் தட்டே சாய்ந்துவிட்டது. அந்தக் குரல்! தினம் காலை ஏழரைக்கு மேல் போர்டில் விளக்கு எரியும். "மலாக்கா ஏர்ஃபீல்ட் பேசுறேன். கே.எல். குடுங்க, ஆப்பரேட்டர்." போன வருஷத்திலிருந்து கேட்கிற குரல். வானிலையைக் கோலாலம்பூருக்கு எண்ணாக வாசிப்பார். "சிக்ஸ் ஒன் எய்ட் ஸீரோ ஃபோர்..." நான் கம்பியைச் சேர்த்துவிட்டு, லைன் சரியாக இருக்கிறதா என்று கொஞ்சம் கேட்பேன். கொஞ்சம் என்றா எழுதினேன்? முழுக்கவும் கேட்பேன்.

அம்மா, "பொண்ணு டெலிபோன் ஆபீசுல" என்று தொடங்கினாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ட்ரங்க் கால் போர்டா? அன்னைக்கு மலாக்காவுல புயல் வர வச்சது நீங்களா?"

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். இரண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புயல் கதை இதுதான். மார்ச்சில் ஒரு நாள் அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது என் முழங்கை பட்டுக் கம்பி ஒரு விநாடி கழன்றது. ஒரே ஒரு எண்தான் விழுந்தது. பின்னால் வந்த எண்களெல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிட்டன. இலை அசையாத காலையில் மலாக்காவில் பேய்க்காற்று என்று கோலாலம்பூரில் எழுதிக்கொண்டார்கள். அவருக்குத்தான் திட்டு விழுந்ததாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போகும்போது அவருடைய அம்மா என் அம்மா கையைப் பிடித்துக் கேட்டார்: "எட்டுதானேங்க? நல்லா எண்ணிப் பாத்துட்டீங்கல்ல?" உலகத்தில் இப்படிக் கேட்ட முதல் மாமியார் இவராகத்தான் இருப்பார்.

ஜூன் 10, திங்கள்

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. அம்மா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். தியாகுவின் அண்ணன் தம்பிராஜா, ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. அவருக்கும் செவ்வாய் தோஷம். சீதா என்ற பெண்ணை ஆசைப்பட்டுக் கட்டினார். அந்தப் பெண்ணுக்குச் சுத்த ஜாதகம், பொருந்தாது என்று எல்லோரும் தடுத்தார்களாம். கேட்கவில்லை. வருஷம் திரும்பவில்லை, பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து தம்பிராஜா எந்த வீட்டு நல்லதுக்கும் போவதில்லை. தான் கட்டிய தாலிதான் அவளைக் கொன்றது என்று சொல்வாராம்.

அதனால் சின்ன மகனுக்குத் தோஷக்காரப் பெண்தான் வேண்டும். என்னைப் போல.

ஜூன் 13, வியாழன்

கோலாலம்பூர் எடுக்கத் தாமதம். அந்த இடைவெளியில் கேட்டேவிட்டேன், அந்த எண்ணுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று.

"அஞ்சு அஞ்சா பிரிச்சுக்குங்க. ரெண்டாவது அஞ்சுல மொத எண்ணு மேகம். வானத்த எட்டுப் பங்காக்குனா எத்தன பங்கு மூடியிருக்குன்னு. அடுத்த ரெண்டு, காத்து எங்கேருந்து வருதுன்னு. கடைசி ரெண்டு வேகம்."

"மேகம்னு சொல்லிட்டா என்ன? ஊர்ல எல்லாருக்கும் புரியுமே."

"பேரு சொன்னா நேரமாவும். எந்த எடத்துல நிக்குதோ அதான் அதோட பேரு. எடம் மாறுனா போச்சு. ஒங்களுக்குத் தெரியாததா?"

புயலை விடவே மாட்டார் போலிருக்கிறது. அதற்குள் கோலாலம்பூர் வந்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

மேகம் ஐந்து. தெற்குக் காற்று. எனக்கே புரிந்தது.

ஜூலை 14, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. முகூர்த்தம் செப்டம்பர் முதல் தேதி, ஆவணி வளர்பிறை. ஆகஸ்ட் கடைசியில் மலேசியா பிறக்கிறது, அடுத்த நாள் என் கல்யாணம். ஊரில் கட்டும் கொடியெல்லாம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளப் போகிறேன்.

எல்லோரும் சாப்பிடும்போது அவரும் நானும் பின்வாசல் ரம்புத்தான் மரத்தடியில் கொஞ்சம் பேசினோம். அப்பா பார்த்தும் பார்க்காதவர் மாதிரி போனார். என்ன பேசினோம்? மழை! பழைய மழைக் கணக்குகளை அவர் அடுக்கிக்கொண்டிருக்கிறாராம்.

"ஜப்பான்காரன் காலத்துல மட்டும் ஒரு வேடிக்க. மத்தியானம் நாலரைக்கு இடிக்கிற இடி, அந்த மூணு வருசமும் ஆறு மணிக்கு இடிக்குது. மொதல்ல எனக்கே புரியல. அப்புறம் பெரிய கிளார்க் சொன்னாரு, வந்த ஒடனே கடிகாரத்தையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால தள்ளி வச்சிட்டானாம். இடி அதே நேரத்துக்குத்தான் இடிச்சிருக்கு."

நான் சிரித்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை. ஏதோ ஒன்று உறுத்துகிறது. நான் பிறந்தது 1943.

ஜூலை 15, திங்கள்

அம்மா பசாரிலிருந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"நான் எத்தன மணிக்கும்மா பொறந்தேன்?"

"ஒம்பது மணி. புரட்டாசி, புதன்கெழம. பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காதுன்னு ஒங்கப்பா ஆடுனாரு."

"ஒம்பதுன்னு யாரு பாத்தா?"

"நம்ம வீட்டுல ஏது கடிகாரம்? அடுத்த வீட்டுச் செட்டி அக்காதான். ஒன் சத்தம் கேட்டதும் அவங்க வீட்டுச் சொவத்துக் கடிகாரத்தப் பாத்துட்டு வேலிக்கு அந்தாண்ட நின்னே கத்துச்சு, 'புக்குல் செம்பிலான்! புக்குல் செம்பிலான்!'னு. மலாக்காச் செட்டிங்க தமிழ் பேச மாட்டாங்க, மலாய்தான். ஒம்பதுன்னு எனக்குப் புரியாதா?"

"வெயில் ஏறிடுச்சா அப்ப?"

"எங்க ஏறுச்சு! சூரியன் அப்பத்தான் கிளம்பி தென்ன மட்டைக்கு வந்திருந்துச்சு. வாசல் ஈரம் காயல. ஒங்கப்பா டயருக்குப் பதிலா ரப்பர் குழாயச் சுத்துன சைக்கிள்ல தெங்கேராவுக்குப் போயி மருத்துவச்சியக் கூட்டியாந்தாரு, ஊரே அப்பத்தான் எழுந்திருக்குது."

அம்மா இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! ஒன்பது மணிக்கு வாசல் ஈரமாக இருக்குமா என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஜாதகம் எழுதிய சுப்பையன் ஜோசியர் சண்டை முடிந்த பிறகு ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர். அவருக்குத் தோக்கியோ நேரத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒன்பது என்றால் ஒன்பது.

ஜூலை 16, செவ்வாய்

கழித்துப் போட்ட ட்ரங்க் கால் டிக்கெட் ஒன்றின் பின்பக்கம் கட்டம் போட்டேன். ஒரு லைன் வரக் காத்திருக்கும்போதெல்லாம் ஒரு கட்டம்.

எண்ணுவது லக்னத்திலிருந்து. பிறந்த நேரத்தில் கிழக்கே எழும் ராசி லக்னம். அதுதான் ஒன்று. சூரியன் உதிக்கையில் சூரியன் இருக்கும் ராசியே எழும், இரண்டு மணிக்கு ஒரு வீடு என்று நகரும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் நாலு வருஷம் குப்பை கொட்டினால் இதெல்லாம் தானாக வந்துவிடும்.

புரட்டாசியில் சூரியன் கன்னியில். ஒன்பது மணி என்றால் லக்னம் அடுத்த வீட்டுக்கு, துலாத்துக்குப் போய்விடும். ஜோசியர் அதைத்தான் போட்டிருக்கிறார். துலாம் ஒன்று, விருச்சிகம் இரண்டு... ரிஷபம் எட்டு. ரிஷபத்தில் செவ்வாய்.

ஆனால் நிஜத்தில் மணி ஏழரை. லக்னம் கன்னியை விட்டு நகரவில்லை. கன்னி ஒன்று, துலாம் இரண்டு...

மூன்று தடவை எண்ணினேன். விரல் விட்டும் எண்ணினேன். செவ்வாய் அங்கேயேதான் இருக்கிறது. அதன் எண்தான் மாறிவிட்டது.

ஜூலை 17, புதன்

எட்டு இல்லை. ஒன்பது. ஒன்பதில் தோஷமே கிடையாது.

ஜூலை 19, வெள்ளி

ஆத்திரம் ஆத்திரமாய் வருகிறது. அந்தக் காப்பிக் கோப்பை ஞாபகம் வந்து இன்று போர்டில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். சளி என்று சொன்னேன். அம்மா எத்தனை கோயிலுக்கு எனக்காக விரதம் இருந்திருக்கிறாள்! செவ்வாய்க்கிழமைதோறும் துவரம்பருப்பு தானம். சித்தி மகளின் கல்யாணத்தில் என்னைத் தாலித் தட்டைத் தொட விடவில்லை. எல்லாம் ஒரு சுவர்க்கடிகாரத்துக்காக.

அம்மாவிடம் சொல்லிவிடலாம். ஓடிப்போய்ச் சொல்லலாம் — ஏன் சொல்லவில்லை?

ஜூலை 22, திங்கள்

ஏன் சொல்லவில்லை என்று இன்று தெரிந்தது. மேகம் நாலு, மேற்குக் காற்று. வாசித்து முடித்துவிட்டு, "வரேன், ஆப்பரேட்டர்" என்றார். ஆப்பரேட்டரில் ஒரு சிரிப்பு.

எட்டு இருந்ததால்தான் அவர் வந்தார். ஒன்பது என்றால் நான் சுத்த ஜாதகம். சீதாவைப் போல. அவருக்கு ஏழு. மறுபடி அதே கதை, அதே வீட்டில். அவருடைய அம்மா ஒருநாளும் ஒப்பமாட்டார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையவே கிடையாது. அப்படியென்றால் பேசாமல் இருக்க வேண்டியதுதானே? யார் கேட்டார்கள்? ஆனாலும் ஒவ்வொரு தடவை அந்தக் குரலைக் கேட்கும்போதும், மனுஷனை ஏமாற்றுகிறாய் என்று உள்ளே ஒருத்தி சொல்கிறாள்.

ஜூலை 25, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணக் களை என்று அம்மா சொல்கிறாள்.

ஜூலை 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தையல்காரரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். நேற்று ஃபோனில் சொல்லியிருந்தபடி காஜா பெராங் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் சைக்கிளோடு நின்றிருந்தார். சிரித்தபடிதான் கேட்கத் தொடங்கினார். செட்டி அக்காவின் கடிகாரம் வந்ததும் சிரிப்பு நின்றது. அவர் தானே கணக்குப் போட்டார், என்னைவிட வேகமாக. அவர் தொழில் அது.

"ஒம்பது தோக்கியோன்னா, இங்க ஏழர. கிரீன்விச்சுல பூஜ்யம். நான் தெனமும் ரிப்போர்ட் வாசிக்கிற அதே நேரம்." ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னவர், அப்புறம் மெதுவாக, "அப்ப ஒனக்கு தோஷமே இல்ல" என்றார்.

முதல் தடவையாக நீ என்றார். அந்த நேரத்தில் போய் நீ என்றார்.

"இல்லாட்டி என்ன? நீங்க படிச்சவரு. இடி நாலரைக்குத்தான் இடிச்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சீதா அண்ணிய நான்தான் பின்னால புடிச்சு வண்டியில ஏத்துனேன், சுந்தரி. எனக்கு அப்ப பதினேழு வயசு." சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டே நின்றார். "நம்புறேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா அப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? அம்மாகிட்ட மறைக்க என்னால முடியாது."

என்னால் மட்டும் முடிந்ததா? முடிந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சட்டைத் துணியைத் தையல்காரரிடம் கொடுக்காமலே வந்துவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

"மலாக்கா ஏர்ஃபீல்ட். கே.எல். குடுங்க மிஸ்." வேறு குரல். பெயர் ஜெயபாலன் என்று ஃபோனை வைக்கும்போது அவராகவே சொன்னார். தியாகு மத்தியான வேலைக்கு மாற்றிக்கொண்டாராம். எனக்கு மத்தியானம் வேலை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஜெயபாலன் எண்களை மென்று விழுங்குகிறார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வெடித்துவிட்டது. தியாகுவின் மாமா வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "அம்மா நிறுத்தி வைக்கச் சொல்றாங்க. பொண்ணு ஜாதகம் சுத்தமாமே. நல்ல விசயம்தான். வேற எடம் நல்லதா அமையும் ஒங்களுக்கு."

சுத்தமாக இருப்பதற்காகத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்!

அம்மா என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், கன்னி, ஒன்பது, பஸ் நிறுத்தம். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நாலு வருசமா எம்புள்ளைக்கு இல்லாத ஒன்னுக்காடி நான் பட்டினி கெடந்தேன்" என்றாள். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பையன் வேணுமா ஒனக்கு?" என்றாள்.

வேண்டும் என்றேன். அம்மாவிடம் இப்படிப் பேசுவேன் என்று நினைத்ததே இல்லை.

"அப்ப எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு. ஞாயித்துக்கெழம சுப்பையன்கிட்ட போவோம்."

அப்பா, "அந்தாளு போட்ட முடிச்ச அந்தாளே அவுக்கட்டும்" என்று லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தெங்கேரா. சுப்பையன் ஜோசியர் முதலில் குதித்தார். "ஒம்பதுன்னு சொன்னது நீங்க. எங்கணக்குல தப்பே கெடையாது. தோக்கியோவாவது மண்ணாவது!" பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டினார், முணுமுணுத்தார், நான் கட்டம் போட்ட டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "கன்னிதான். ஒம்பதுதான்" என்றார். பாவமாகவும் இருந்தது.

அம்மா அசையவே இல்லை. "சரிங்க ஜோசியரே, லக்னத்த விடுங்க. சந்திரன்ல இருந்து எண்ணுங்க."

"எதுக்கும்மா?"

"எங்கல்யாணத்துக்கு எங்கப்பாரு சந்திரன்ல இருந்தும் எண்ணச் சொன்னாரு. சாஸ்திரத்துல இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

இருக்கிறதாம். திருவாதிரை, மிதுனத்தில் சந்திரன். அவர் விரல் மிதுனத்தில் தொடங்கிற்று. மிதுனம் ஒன்று, கடகம் இரண்டு... சுற்றிக்கொண்டு வந்து ரிஷபத்தில் நின்றது. பன்னிரண்டு.

"பன்னெண்டுலயும் தோஷம்தான்" என்றார் ஜோசியர், அதிசயப்பட்டவராக.

அம்மா இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத ஏன் அப்பவே சொல்லல?"

"எட்டே போதுமானதா இருந்துச்சேம்மா. அதுக்கு மேல பன்னெண்டையும் சொல்லி எதுக்கு பயமுறுத்தணும்?"

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவும் சிரித்தாள். நாலு வருஷம் தோஷம் போகட்டும் என்று விரதம் இருந்தவள், தோஷத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பன்னிரண்டைப் பத்து பெரெண்டாமுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அவருடைய அம்மாவுக்குப் பரம திருப்தியாம். ஆனால் அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. காலையில் ஜெயபாலன்தான். போன வாரம் இல்லாத பயம் இந்த வாரம் வருகிறது. வேண்டிய இடத்திலிருந்து எண்ணினால் வேண்டியது கிடைக்கும் என்று எனக்கே தெரிகிறதே, கணக்குத் தெரிந்த அவருக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 16, வெள்ளி

சித்தி வந்திருந்தாள். கேட்டில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போகிறேன் என்று எல்லோர் எதிரிலும் சொன்னாள். பால்காரர், தபால்காரர், ஒரு வாத்து.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வந்தார். சொல்லாமல், சைக்கிளில், சட்டையெல்லாம் வேர்வை. அம்மா பலகாரம் எடுக்க உள்ளே ஓடினாள். அவர் உட்காரவே இல்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த பழைய ஜாதகம் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார்.

"இது அண்ணியோடது. நேத்து அம்மா பெட்டியிலேருந்து எடுத்தேன். எண்ணு."

"எங்கேருந்து?"

"ஒங்கம்மா எண்ணுன மாதிரி. சந்திரன்ல இருந்து."

எண்ணினேன். சந்திரன் ஒன்று. இரண்டு. மூன்று. நாலில் செவ்வாய்.

நாலிலும் தோஷம். இரண்டு, நாலு, ஏழு, எட்டு, பன்னிரண்டு என்று குழந்தைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல எனக்குத் தெரியுமே. அவர் ஏற்கெனவே எண்ணிவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

"லக்னத்துலேருந்து அஞ்சு, சுத்தம்னாங்க. பொருந்தாதுன்னாங்க. ஒன்ன எண்ணுன மாதிரி எண்ணியிருந்தா அண்ணியும் பொருத்தம்தான், சுந்தரி. எங்கண்ணனுக்கு நல்ல பொருத்தம்." குரல் உடைந்தது. தினமும் எண் வாசிக்கிற, ஒரு நாளும் தடுமாறாத குரல். "பொருந்தியும் செத்துட்டாங்க. நான் அன்னைக்கு வண்டியில இருந்தேன். தோட்டத்து லாரி வர்றதுக்கு மூணு மணி நேரமாச்சு. ஏத்திக்கிட்டுப் போனா பாலத்துல தண்ணி. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. லாரி நேரத்துக்கு வரலன்னுதான் செத்தாங்க. ஏழும் கெடையாது எட்டும் கெடையாது."

அப்பா எப்போது வந்தார் என்று தெரியாது. கதவருகே நின்றிருந்தார். லாரி ஓட்டுகிறவர்.

"எட்டு வருசமா எங்கண்ணன் தாந்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு அந்தத் தோட்டத்துல தனியா சோறாக்கித் தின்னுக்கிட்டு கெடக்குறாரு" என்றார். அழுதுவிட்டார். பக்கத்தில் போய் நின்றேன். அம்மா பலகாரத் தட்டோடு வந்தவள் அப்படியே திரும்பி உள்ளே போனாள்.

அப்பாதான் பேசினார். "தம்பி, லாரி நிக்குது. ஜாசின் எவ்வளவு தூரம்? வாங்க, அண்ணனப் பாத்துட்டு வருவோம்."

ஞாயிற்றுக்கிழமை அரசாங்க லாரியை எடுக்கக் கூடாது. அப்பா இருபது வருஷ வேலையில் ஒரு நாளும் எடுத்ததில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

அப்பா ராத்திரிதான் திரும்பி வந்தார். "அந்த மனுசன் அந்தக் காயிதத்தக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் எண்ணிக்கிட்டே இருந்தாரு" என்று மட்டும் சொன்னார். பிறகு சட்டையைக் கழற்றி மாட்டினார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

"மலாக்கா ஏர்ஃபீல்ட் பேசுறேன். கே.எல். குடுங்க, ஆப்பரேட்டர்."

உடனே கொடுக்கவில்லை. கோலாலம்பூர் காத்திருக்கட்டும். பிறகு அவர், "செப்டம்பர் ஒன்னு. மாத்தமில்ல" என்றார். கம்பியைச் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மலேசியா நாளைக்குப் பிறக்கவில்லையாம், செப்டம்பர் பதினாறுக்குத் தள்ளிவிட்டார்கள். "அதுக்கும் சுப்பையன்கிட்டதான் நாள் பாத்திருப்பாங்க" என்று அப்பா சொன்னார். கட்டிய கொடிகளை யாரும் அவிழ்க்கவில்லை. சித்தி கையில் மருதாணி. எனக்கும்.

மாமியாருக்குப் பன்னிரண்டு போதும். அம்மாவுக்கு நான் வேண்டும் என்றது போதும். அவருக்கும் எனக்கும் ஒரு எண்ணும் வேண்டாம். எல்லோரும் வெவ்வேறு வழியில் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

செப்டம்பர் 2, திங்கள்

நேற்று முடிந்தது. எழுத நிறைய இருக்கிறது, வேலை ஓயவில்லை. ஒன்று மட்டும். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தின் கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மாமியார் கையிலிருந்த அட்சதையை அப்படியே கீழே விட்டுவிட்டார்கள். தம்பிராஜா அண்ணன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

செப்டம்பர் 16, திங்கள்

விடுமுறை. ஊரெல்லாம் பேண்டு வாத்தியம். வானிலைக்கு விடுமுறை கிடையாது. காலையில் அவர் சைக்கிளில் போய்விட்டார்.

1964 டிசம்பர் 10, வியாழன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பென்சில் நர்சிடம் வாங்கியது.

முந்தாநாள் பிறந்தாள். செவ்வாய்க்கிழமை! அம்மா இதை இன்னும் மாமியாரிடம் சொல்லவில்லை, அவர்களே கிழமை பார்த்துக்கொள்ளட்டும் என்கிறாள். குழந்தைக்கு அவள் அப்பாவின் காது. அழும்போது அவர் எண் வாசிப்பதைப் போலவே விட்டு விட்டு, தெளிவாக அழுகிறாள். பெயர் சீதா. தம்பிராஜா அண்ணன் நேற்று தோட்டத்திலிருந்து வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாராம். நர்ஸ் போகச் சொன்ன பிறகும் நின்றாராம்.

அம்மாவுக்கு ஒரே கவலை. பிறந்த நேரம். பிரசவம் பார்த்த நர்சுக்கு வேலை மாறிவிட்டது. புதிதாய் வந்த மலாய் நர்ஸ், "பாகி, பாகி, காலையில்" என்று சிரிக்கிறாள். காலை என்று கட்டத்தில் எழுத முடியுமா? கடைசியில் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் அன்றைக்கு விடிகாலையிலிருந்து வெளித் தாழ்வாரத்திலேயே இருந்தார். முதல் அழுகையைக் கேட்டவர் அவர்தான்.

"மாப்ள, நீங்க பாத்திருப்பீங்களே? எத்தன மணிங்க?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "மேகம் ஏழு பங்கு" என்றார். "வடக்குக் காத்து, லேசா. மழ வர்ற மாதிரி இருந்துச்சு, வரல."

"அது இல்லீங்க மாப்ள. மணி, மணி!"

"அத கவனிக்கலங்க அத்த."

ஏழு வருஷமாக நாளுக்குப் பல தடவை மணி பார்த்து எழுதுகிற மனுஷன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு மலாய் நர்சைத் தேடி மறுபடி போனாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரம் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.